அடுப்பு காணாத விரதம்

என் தம்பி கோவர்த்தனன் தொடர்ந்து ஐந்து வருடம் அர்ச்சுனனாக இருந்தவன். கங்காதர நெல்லூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கும் எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு பதவி கிடையாது. பஞ்சாயத்துத் தலைவரை யார் வேண்டுமானாலும் திட்டலாம். அர்ச்சுனனைத் திட்டினால் நாக்கு அழுகும் என்பார்கள்.

வைகாசியில் திரௌபதி அம்மனுக்குப் பதினெட்டு நாள் பாரதத் திருவிழா நடக்கும். பன்னிரண்டாம் நாள் அர்ச்சுனன் தபசு. அறுபது அடிப் பனைமரத்தை வெட்டி வந்து, ஏறுவதற்குக் கட்டைகள் அடித்து, கோயிலுக்கு முன்னால் நட்டுவிடுவார்கள். அர்ச்சுனன் வேஷம் கட்டியவன் கட்டைக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறி, அங்கே கட்டியிருக்கும் ஒரு முழப் பலகையில் நின்று, எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவான். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப்புடவையோடு கீழே படுத்திருப்பார்கள். பழம் எவள் மேல் விழுகிறதோ அவளுக்கு அடுத்த வருடம் தொட்டில். ஏறுகிறவன் இடுப்பில் கயிறு கட்டக் கூடாது. சிவனைப் பார்க்கப் போகிறவனுக்குக் கயிறு எதற்கு என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவரும் அந்த மரத்தில் ஏறியதில்லை.

ஆந்திர ராஜ்யம் பிரிந்த 1953-இல் தம்பிக்கு வயது பத்தொன்பது. அந்த வருடம்தான் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் குரலுக்காகத்தான் எடுத்தார்கள் என்று நான் இன்றும் சொல்வேன். அவனுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த துலுக்காணம் என்பவர் அதற்கு முந்தின ஐப்பசியில் கிணற்றில் விழுந்து இறந்துபோயிருந்தார். “அம்மன் இழுத்துக்கினா” என்று சொல்லி ஊர் அந்த விஷயத்தை முடித்துவிட்டது.

அர்ச்சுனனுக்கு ஒரு விரதம் உண்டு. காப்பு கட்டிய நாளிலிருந்து அடுப்பில் ஏறியது எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், மாங்காய், கொத்தமல்லி எல்லாம் போட்டுப் பிசைந்த கோசுமல்லிதான் ஆகாரம். அதையும் யார் வேண்டுமானாலும் பிசைந்துவிட முடியாது. தர்மகர்த்தா செங்கல்வராயன் தன் தோட்டத்துக் கொத்தமல்லிக் கீரையைத் தன் கையால் பறித்து, தன் கையால் கிள்ளி, தன் கையால் பிசைந்து கொடுப்பார். பெண்கள் தொட்டால் தீட்டு. கரண்டி பட்டால்கூட, அது எந்த அடுப்புக்குப் போய் வந்ததோ என்று சந்தேகம். ஆகவே வெறும் கை. ஊரிலேயே சுத்தமான கை அவருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எப்படித் தெரியும் என்றால், அவரே சொல்லியிருக்கிறார்.

செங்கல்வராயன் கோயிலை மட்டும் பார்த்துக்கொண்டவர் இல்லை. எல்லைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். எங்கள் ஊர் ஆந்திராவில் இருப்பதா, மதராஸோடு சேர்வதா என்று ராஜ்யம் பிரிவதற்கு வெகு காலம் முன்பிருந்தே மகஜர் எழுதி, மாதம் இரண்டு முறை சித்தூருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். ஊர் எந்த ராஜ்யத்தில் சேர்ந்தாலும் விடிகாலையில் எல்லோரும் சொம்போடு போகிற இடம் அதே ஏரிக்கரைதான் என்பதை மட்டும் எந்த மகஜரிலும் அவர் எழுதவில்லை.

1956 தை மாதம் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பாகு கிளறிக்கொண்டிருந்த தம்பி துடுப்போடு சாய்ந்தான். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. நல்ல வேளையாகக் கொப்பரைக்கு எதிர்ப் பக்கம் விழுந்தான். “கையில இரும்பு குடு, இரும்பு குடு” என்று நாலு பேர் கத்தினார்கள். ஐந்தாவது ஆள் அவசரத்தில் கரும்பு வெட்டும் கத்தியைக் கொடுத்துவிட்டார். வலிப்பு நாலு நிமிடத்தில் நின்றது. உள்ளங்கை ஆற இருபது நாள் ஆயிற்று.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அன்றைக்கே ஒரு நோட்டு எடுத்துத் தேதி, நேரம், எத்தனை எண்ணும் வரை இழுத்தது, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டான் என்று எழுதி வைத்தேன். எழுதாவிட்டால் ஊர் தனக்குத் தோன்றியபடி மாற்றிச் சொல்லும்.

அந்த வருடம் மூன்று முறை வந்தது. தர்மகர்த்தா வந்து பார்த்துவிட்டு, விரதத்தில் குறை இருக்கிறது என்றார். பதினெட்டு நாள் போதாது, காப்பு கட்டியதிலிருந்து ஒரு மண்டலம் இருக்க வேண்டும். நாற்பத்தெட்டு நாளும் தானே பிசைந்து அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவும் செய்தார், சொன்ன சொல் தவறாதவர். அடுத்த வருடம் பதினொரு முறை வந்தது. அந்த இரண்டு வைகாசியிலும் தம்பி மரம் ஏறினான். மேலே இருக்கும்போது வரவில்லை. அம்மன் பார்த்துக்கொண்டாள் என்று ஊர் சொன்னது. நான் கீழே நின்று, அவன் இறங்கும் வரை மூச்சு விட்டேனா இல்லையா என்பது எனக்கே தெரியாது.

1958 மாசியில் அவன் தோளில் எண்ணெய் தேய்க்கும்போது தோலுக்கடியில் மொச்சைக் கொட்டை அளவில் உருண்டைகள் தட்டுப்பட்டன. மொத்தம் ஏழு. யாரிடமும் சொல்லாமல் அவனை ரயிலேற்றித் திருப்பதிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ரங்கையா என்று ஒரு டாக்டர். என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். தொடையை எக்ஸ்ரே எடுத்தார், ஓர் உருண்டையை வெட்டி எடுத்துப் பார்த்தார். மறுநாள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதி சூடம்மா, பாரு. அரிசி இறைச்ச மாதிரி இருக்குதே, அதெல்லாம் புழுக் கட்டி. சதையில இருக்கறது தெரியுது. தலைக்குள்ளயும் இருக்குது, அதான் வலிப்பு. பன்றிப் புழு.”

“பன்னியா?” என்று தம்பி எழுந்தே விட்டான். “சார், ஆடு கோழி துன்னுவோம். பன்னி எங்க வம்சத்துலயே கெடையாது.”

“ஒக்காருய்யா. வம்சத்தை யாரு கேட்டா? பன்றிக்கறியை சரியா வேகாம சாப்பிட்டவனுக்கு வயித்துல பட்டைப் புழு வளரும், நாடா மாதிரி. அவன் நல்லாத்தான் இருப்பான். ஆனா அவன் வெளிக்குப் போறப்ப புழுவோட முட்டையும் போவும். கையைச் சரியா கழுவாம எதையாவது பச்சையா பிசைஞ்சு இன்னொருத்தனுக்குக் குடுத்தா, அந்த முட்டை இன்னொருத்தன் ஒடம்புல போயி கட்டியாவும். சதையில ஆவும், கண்ணுல ஆவும், மூளையில ஆவும். பன்றி சாப்பிட்டவன் ஒருத்தன், வலிப்பு வர்றவன் ஒருத்தன். சைவக்காரனுக்கும் வரும்.”

“வலிப்பு எல்லாமே இதனாலதானா சார்?” என்று நான் கேட்டேன்.

“இல்லம்மா. அதுக்கு ஆயிரம் காரணம் இருக்குது. இவனுக்கு இது. வேக வெச்சிருந்தா முட்டை செத்திருக்கும்.” நோட்டை மறுபடி புரட்டினார். “நாற்பத்தெட்டு நாள் பச்சையா... யாரும்மா இவனுக்கு இதைப் பிசைஞ்சு குடுக்கறது?”

நான் நோட்டை வாங்கி மூடினேன்.

தினம் படுக்கப் போகும்முன் ஒரு வெள்ளை மாத்திரை. வலிப்பு குறையும், உடனே நின்றுவிடாது. மரம் ஏறுவது, கிணற்றில் இறங்குவது, கொப்பரைப் பக்கம் நிற்பது கூடாது. இதைச் சொல்லி அனுப்பினார். ரயிலில் வரும்போதே தம்பியிடம் வாயைத் திறக்காதே என்றேன். அவன் ஒரே ஒருவரிடம்தான் சொன்னான், அதுவும் டீக்கடையில். மறுநாள் காலை நான் தண்ணீருக்குப் போனபோது, கோவர்த்தனன் பன்னி தின்கிறான் என்று என்னிடமே ஒருத்தி ரகசியமாகச் சொன்னாள்.

கோயில் கமிட்டி கூடியது. வலிப்புக்கு இரண்டு வருடம் காரணம் தெரியாமல் இருந்தவர்களுக்கு இப்போது நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. துலுக்காணமும் தின்றிருப்பானோ என்று ஒருவர் யோசித்தார். செத்தவன் மறுத்துப் பேச முடியாதே. செங்கல்வராயன் எல்லோரையும் கையமர்த்தி நியாயம் சொன்னார்.

“டாக்டர் இன்னா வேணா சொல்லட்டும். அம்மா முன்னால பொய் நிக்காது. வைகாசில மரம் ஏறட்டும். சுத்தமா இருந்தா ஏறி எறங்குவான். இல்லாட்டி...” என்று வானத்தைப் பார்த்தார். மிச்சத்தை அம்மனே சொல்வாள் என்று பொருள்.

ஏற மாட்டேன் என்றால் தின்றதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எங்களை யாரும் வீட்டு வாசலில் நிற்கவிட மாட்டார்கள். ஏறினால், அறுபது அடி உயரத்தில், ஒரு முழப் பலகையில், கயிறு இல்லாமல் நிற்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் வலிப்பு லீவு எடுத்துக்கொள்ளும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

தம்பி ஏறுவதென்று முடிவு செய்துவிட்டான்.

“அக்கா, நான் ஏறினாத்தான் இவனுங்க வாய மூடுவானுங்க.”

“ஏறி உழுந்தா?”

“உழுந்தா துன்னான்னு சொல்லுவானுங்க. ஏறலன்னாலும் அதையேதான் சொல்லுவானுங்க. ஏறி எறங்கிட்டா சொல்ல முடியாது. மூணுல ஒண்ணு நல்லாத்தானே கீது?”

“உழுந்தா நீ செத்துப் பூடுவடா. அத எந்தப் பக்கம் சேத்த?”

“நைனா இருந்தா ஏறுன்னுதான் சொல்லியிருப்பாரு.”

“நைனா மாட்டு வண்டில ஏறவே பயப்படுவாரு. செத்தவர் பேர்ல உன் இஷ்டத்துக்கு பேசாத.”

அவன் சிரித்தான். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அவனுக்குக் குரல் எங்கள் அம்மாவினுடையது, பிடிவாதம் என்னுடையது.

காப்பு கட்ட மூன்று வாரம் இருந்தது. நான் நோட்டில் ஒரு புதுப் பக்கம் போட்டேன். பத்து வருடத்தில் இந்த விரதத்தை மூன்று தடவைக்கு மேல் இருந்தவர்கள் யார்? இரண்டே பேர், துலுக்காணமும் தம்பியும். துலுக்காணத்தின் மனைவியைப் போய்க் கேட்டேன். கடைசி வருடம் அவருக்கும் ஆறேழு தடவை இழுத்ததாம். அர்ச்சுனனுக்கு வலிப்பு என்று சொன்னால் அம்மனுக்கு இழுக்கு என்று தர்மகர்த்தா சொன்னதால் வெளியே சொல்லவில்லையாம். பீமன் வேஷக்காரருக்கு ஒன்றும் வரவில்லை. பீமனுக்கு விரதமே வேறு. பதினெட்டு நாளும் வண்டிச் சோறு, அண்டாக் குழம்பு, எல்லாம் கொதிக்கக் கொதிக்க.

அப்புறம் தர்மகர்த்தாவின் மனைவி சுந்தரம்மாவைத் தேடிக் கால்வாய்க்குப் போனேன். அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். உறவு முறையில் எனக்கு அத்தை.

“அத்தை, மாமாவுக்கு வயிறு எப்படிக் கீது?”

“ஏன்டி, அவரு வயித்து மேல உனக்கு இன்னாடி கரிசனம்?”

“வேட்டியில எப்பனா வெள்ளரி விதையாட்டம், வெள்ளையா, தட்டையா...”

அடித்துக்கொண்டிருந்த துணி அந்தரத்தில் நின்றது.

“நகருமே, அதுவா?”

“அதான்.”

“அய்ய, அத ஏன் கேக்கற! பத்து வருசமா கீது. வெள்ளரிக்காய அரிஞ்சாலே எனக்கு கொமட்டிக்கினு வருது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சித்தூருக்கு மகஜர் குடுக்கப் போறாரு இல்ல, அங்க ஒரு மிலிட்டரி ஓட்டல் கீதாம். பன்னி வறுவல். நான் சட்டைய மோந்து பாத்து கண்டுபுட்ச்சி கேட்டேன். ஆட்டுக்கறின்னு நெனச்சிட்டேன்னாரு. பத்து வருசமா ஆட்டுக்கறின்னு நெனச்சிக்கினே துன்னுக்கினு கீறாரு.”

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். சுந்தரம்மா அழுதார். தம்பியை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.

“இத ஊர் முன்னால சொல்வீங்களா அத்தை?”

“புருசன் மானத்த நானே வாங்கறதா? போடி அந்தப் பக்கம்.”

திரும்பவும் துணியை அடிக்க ஆரம்பித்தார். அந்த வேட்டி அவ்வளவு அடி தாங்கியது ஆச்சரியம்.

காப்பு கட்டும் நாள் காலை ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. மரம் நட்டாகிவிட்டது. செங்கல்வராயன் குளித்து, விபூதி பூசி, ஈர வேட்டியோடு பித்தளைத் தாம்பாளம் நிறையக் கோசுமல்லி கொண்டுவந்தார். கொத்தமல்லி வாசனை கடைசி வரிசை வரை வந்தது. அவர் ஒரு பிடி எடுத்து வாழை இலையில் வைத்துத் தம்பியிடம் நீட்டினார். அதைச் சாப்பிட்டதும் மஞ்சள் காப்பு கட்டுவார்கள். கட்டிவிட்டால் ஏறாமல் இருக்க முடியாது.

தம்பி இலையை வாங்கிக்கொண்டான். ஏறுவதற்குத்தான் வந்திருந்தான். எனக்குத் தெரியும், முந்தின நாள்கூட என்னோடு சண்டை போட்டிருந்தான். ஆனால் இலையை வாய் வரை கொண்டுபோனவன் நின்றுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை, அருவருப்பு. அறுபது அடி மரத்துக்குப் பயப்படாதவனால் ஒரு பிடி கோசுமல்லியை விழுங்க முடியவில்லை.

“மாமா,” என்றான். “ஏறறேன். கண்டிப்பா ஏறறேன். ஆனா இத மொதல்ல வேற யாராச்சும் ஒரு வாய் துன்னட்டும்.”

“இன்னாடா பேச்சு இது? அம்மா பிரசாதம்டா.”

“பிரசாதம்னா எல்லாரும் துன்னலாமே.”

கூட்டத்தில் முணுமுணுப்பு. தர்மகர்த்தாவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் நிமிர்ந்து நின்று, பெண்கள் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

“சுந்தரம்மா! இங்க வா. நீ துன்னு காட்டு.”

சுந்தரம்மா எழுந்திருக்கவில்லை.

“எனக்கு வாணாம்.”

“வாணாமா? ஊரே பாத்துக்கினு கீது, வாடி.”

“வாணாம்னா உடுங்களேன். உங்க கையால பிசஞ்சத நான் துன்றதில்ல. பத்து வருசமா துன்றதில்ல.”

“ஏன் அத்தை?” என்று ஆண்கள் பக்கமிருந்து யாரோ கேட்டுவிட்டார்கள். கேட்டவர் யார் என்று நான் விசாரித்தேன், இதுவரை தெரியவில்லை. அவருக்குப் புண்ணியம்.

சுந்தரம்மா சட்டென்று எழுந்தார். “ஏனா? அவர் வேட்டிய நீ தொவைக்கறியா? நான் தொவைக்கறேன்! அதுல ஊர்ற புழுவ நான் பாக்கறேன்! பன்னி துன்னவரு இங்க நிக்கறாரு, பாவம் அந்தப் பையன மரத்துல ஏத்தறீங்களே!”

அம்மனே பேசியிருந்தாலும் அவ்வளவு அமைதி வந்திருக்காது.

செங்கல்வராயன் தைரியசாலி. கமிட்டி உறுப்பினர்களைப் பார்த்து, “பொம்பள பேச்ச நம்பாதீங்க. நீங்க துன்னுங்கய்யா” என்று தாம்பாளத்தை நீட்டினார். முதல் உறுப்பினருக்கு அன்றைக்கு ஏகாதசி என்று திடீரென்று நினைவு வந்தது. இரண்டாவது ஆளுக்குப் பல்வலி. மூன்றாமவர் வரும்போதுதான் வயிறு நிறையக் கூழ் குடித்துவிட்டு வந்தாராம். பன்றி தின்றவனுக்கு மரம்தான் சாட்சி என்று கத்தியவர்களில் ஒருவரும் அந்தத் தாம்பாளத்துக்குக் கையெட்டும் தூரத்தில்கூட வரவில்லை. கடைசியில் தாம்பாளம் சுற்றிவிட்டு அவரிடமே திரும்பி வந்தது. அவரும் சாப்பிடவில்லை. அது ஏன் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

விரதம் இல்லாமல் மரம் ஏற முடியாது. விரதம் இருக்க ஆள் இல்லை. கமிட்டி வெயில் ஏறும் வரை பேசியது. பிறகு பூசாரிக்கு ஓர் உத்தரவு கிடைத்தது: அம்மன் இந்த வருடம் அர்ச்சுனனைக் கீழே நின்றே தபசு செய்யச் சொல்கிறாள். இவ்வளவு வசதியான நேரத்தில் எங்கள் அம்மன் அதற்கு முன் எப்போதும் வாய் திறந்ததில்லை.

நாலாம் நாள் செங்கல்வராயன் வேண்டுதல் என்று சொல்லித் திருப்பதிக்குப் போனார். சுந்தரம்மாவும் கூடவே போய், ரங்கையா டாக்டர் வீட்டு வாசலில் அவரை இறக்கினார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். திருப்பதிக்குப் போய்வந்தவர் தலையில் முடி அப்படியே இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, காணிக்கை வேறு விதமாகக் கொடுத்தாயிற்று என்றாராம். அந்த நாடா எத்தனை முழம் இருந்தது என்று டாக்டர் பின்னால் என்னிடம் சொன்னார். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் தம்பி வேஷம் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றான். கீழே நிற்கிற அர்ச்சுனனை யார் பார்ப்பார்கள் என்று சிலர் வராமல் இருந்துவிட்டார்கள். வந்தவர்களிலும் பாதிப் பேர் சிரிப்பதற்குத்தான் வந்திருந்தார்கள். அவன் பாட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. ஐந்து வருடமாக அந்தப் பாட்டெல்லாம் காற்றோடு போய்க்கொண்டிருந்தன. முதல் தடவையாக வார்த்தை காதில் விழுந்தது.

நாலாவது பாட்டின் நடுவில் குரல் அறுந்தது. தம்பி அப்படியே மணலில் சாய்ந்தான். கிரீடம் உருண்டது. நான் ஓடிப்போய் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன்.

கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. முன்வரிசையில் ஒருவர் மெல்ல முகத்தை மேலே தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்துத் தானும் தூக்கினார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள், செங்கல்வராயனும் பார்த்தார். அறுபது அடி உயரத்தில் அந்த ஒரு முழப் பலகை காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

நூற்று முப்பது எண்ணியபோது நின்றது. தம்பி கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழித்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து, மீசை மையைப் புறங்கையால் துடைத்தான்.

“எந்தப் பாட்டுல உட்டேன்?”

“நாலாவது” என்றார் மிருதங்கக்காரர்.

“அத முதல்லேர்ந்து எடுக்கறேன்” என்று கிரீடத்தைத் தேடினான்.